விரலை ஏற்காத மெஷின்

அலுவலக வருகைப் பதிவு மெஷின் நாலு நாளாகக் கணக்காளர் பெண்ணின் கைரேகையை ஏற்கவே இல்லை.

“எல்லாரையும் உள்ள விடுது. என்மேல மட்டும் என்ன வஞ்சமோ, தம்பி!” என்றாள், அதைச் சரிபார்க்க வந்த மெக்கானிக்கிடம்.

அவன் மெஷினைத் திறக்காமல், உப்பிப் பளபளத்த அவள் விரல்களையே பார்த்தான்.

“ஏசியில விரல் வெளுத்து, அப்புறம் நீலமாகுதாக்கா? தோல் இறுகுதா? நெஞ்செரிச்சல்?”

“எல்லாமே இருக்கு. ஜோசியமும் பார்ப்பியா?”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்க ரேகைதான் மழுங்கியிருக்கு. நீங்க இந்த டாக்டரை உடனே பாருங்க” என்று ஒரு சீட்டில் பெயரை எழுதிக் கொடுத்தான்.

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டர் சொன்னார்: “தோல் இறுக்க நோய். ஆரம்பத்துலேயே வந்துட்டீங்க, கட்டுக்குள்ள வைக்கலாம். யார் அனுப்பினது?”

“மெஷின் மெக்கானிக்.” அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். “இனிமே நான் வேலைக்குப் போக முடியுமா டாக்டர்?”

டாக்டர் சிரித்துவிட்டார். “அவரையே கேளுங்க. பன்னிரண்டு வருஷமா இதே நோய்க்கு என்கிட்ட வர்றவர்தான் அவர்!”