ஒரு ஆன்டெனா, ரெண்டு டீவி

"திருடி! மேல வாம்மே! சொந்தமா டீவி வாங்கிட்டா மட்டும் பத்தாது, கொஞ்சம் மானமும் வேணும்!"

ராயபுரத்தில் அந்தச் சந்து முழுக்கக் கேட்கும்படி மொட்டை மாடியிலிருந்து கத்தினார் சவரிநாதன். ஹார்பரில் கிளார்க். சந்தில் முதலில் டீவி வாங்கியவர். அன்றிலிருந்து நடையே வேறு. கோபம் வந்தால் மட்டும் ஆபீஸ் தமிழ் ஓடிப்போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம் ஆரம்பிக்க இன்னும் பத்து நிமிஷம். கொஞ்ச நாளாகப் படம் மங்கலாக இருக்கிறதே என்று மேலே ஏறியவர் கண்ணில் அது பட்டுவிட்டது. அவர் ஆன்டெனாவிலிருந்து இறங்கும் ஒயரில் இன்னொரு ஒயர். அது குட்டைச் சுவரைத் தாண்டிப் பக்கத்து மாடிக்குப் போனது.

பக்கத்து வீடு மங்கையுடையது.

போன வருஷம் ஜன்னலோரம் நின்று படம் பார்த்தவளை, "மீன் நாத்தம் உள்ள வருது" என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி விரட்டியவர் சவரிநாதன். மங்கையின் அம்மாவுக்கு மீன் வியாபாரம். மங்கைக்குத் திருவொற்றியூர் ரேடியோ கம்பெனியில் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலை. அடுத்த பொங்கலுக்குள் சொந்தமாக டீவி வாங்கி, ஆன்டெனாவையும் தானே மாட்டினாள். ரோஷக்காரி.

படியேறி வந்தாள்.

"இன்னா சார், சத்தம்?"

"இந்த ஒயரு யார் வேலை?"

"என் வேலைதான்."

இல்லை என்பாள், பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவருக்கு ஏமாற்றம்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ராமதாசும் வந்துவிட்டார். சந்தில் எந்தப் பஞ்சாயத்துக்கும் அவர்தான்.

"பாரு ராமதாஸ்! இவ ஆன்டெனா குட்டை. ஒண்ணும் வுழல. அதான் என்னுதுல சொருகிக்கினா. மழையில என் டீவி நின்னுபோச்சு இல்ல? ஓங்கி ஒரு தட்டுத் தட்டிட்டு டூட்டிக்குப் போனேன். வந்து பாத்தா ஓடுது! ஆனா அன்னீலேந்துதான் மங்கல். கரீக்டா அப்பத்தான் இவ சொருகிக்கீறா!"

"ஏம்மா மங்கை, அப்பத்தான் இழுத்தியா?"

"ஆமா."

"கேக்காம இழுத்தது தப்புதானே?"

"கேக்க வேண்டியவங்களக் கேட்டுட்டுத்தான் இழுத்தேன்."

"என்னைக் கேட்டியா?" என்று பாய்ந்தார் சவரிநாதன்.

"உன்னைக் கேக்கல."

"திமிரப் பாத்தியா! களவு செய்யாதேன்னு காலைலதான் சர்ச்சு பூசையில கேட்டுகினு வரேன். வூட்டுக்கு வந்தா மாடியிலயே களவு!"

கீழே, கட்டிலில் அவர் மனைவி எல்சி படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் இரண்டு வருஷம் ஆகிறது. வாரம் பூராவும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பவளுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைப் படம்தான் உயிர். அது சந்துக்கே தெரியும். டீவியை உரக்க வைத்திருந்ததால் மாடிச் சத்தம் எதுவும் அவள் காதில் விழவில்லை.

"படுத்த படுக்கையாக் கிடக்குறவ பாக்குற படத்துல பாதியத் திருடுறியே, நீ உருப்படுவியா?"

மங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கீழே எல்சியின் வீட்டு முற்றத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"காரணத்த சொல்லிடும்மா. பேஜாரு முடியட்டும்" என்றார் ராமதாஸ்.

"சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்துட்டேன்."

"திருடிக்கு வாக்கு வேறயா? நீயே ஒயரக் கழட்டு!"

"கழட்ட மாட்டேன்."

"அப்ப நானே வெட்டுறேன்!"

மங்கை விறுவிறுவென்று தன் மாடிக்குப் போனாள். கட்டிங் பிளேயரோடு திரும்பி வந்து அவர் கையில் வைத்தாள்.

"இந்தா சார். உன் கையாலயே வெட்டு. ஆனா திருடின்னு சொன்ன பாரு, அத்த நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"அடுத்த வாரம் பேசிக்கலாம்பா" என்று கையைப் பிடித்த ராமதாசை உதறினார்.

இரண்டு வீட்டிலும் படம் ஆரம்பித்துவிட்டது. ஒரே பாட்டு இரண்டு பக்கமிருந்தும் மாடிக்கு வந்தது.

சவரிநாதன் வெட்டினார்.

ஒரு வீட்டில் பாட்டு நின்று வெறும் இரைச்சல் கேட்டது.

"ஒழிஞ்சுது! போ, போய் உன் டீவியில புள்ளி எண்ணிக்கினு இரு!"

மங்கை நகரவில்லை. அவள் வீட்டிலிருந்து பாட்டு நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது. சவரிநாதன் அந்தப் பக்கம் பார்த்தார். தன் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

கீழே முற்றத்து வழியாக எல்சியின் குரல் வந்தது.

"அடியே மங்கை! உன் ஆன்டெனாவுலேந்து எனக்குக் குடுத்த ஒயரு அறுந்துட்ச்சு போலக் கீது. ஓடியாந்து மாட்டிக் குடு தாயி! எங்க வூட்டுக்காரரு எங்கியோ வெளில போயிக்கீறாரு, அவருக்குத் தெரியாமப் பாத்துக்கோ. அவரு ஆன்டெனா மழையிலயே துருப்புடிச்சு செத்துட்ச்சுன்னு தெரிஞ்சா மனுசன் ஒடிஞ்சுடுவாரு. பாவம், தட்டுனதுலதான் ஓடுதுன்னு நெனச்சுகினு கீறாரு. உன் படத்தையும் மங்கலாக்கிக்கினு எனக்குப் பாதி குடுக்குறியே, நீ நல்லா இருக்கணும்டீ!"

ராமதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

மங்கை கையை நீட்டினாள்.

"பிளேயரக் குடு சார். வழியவுட்டுத் தள்ளி நில்லு. அக்காவுக்குப் படம் போய்க்கினு கீது."