கடைசிச் சுளை

“கிரியேட்டினின் இரண்டு புள்ளி ஒன்று” என்று டாக்டர் சொன்னதும் என் தம்பி மொரீஸின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

ஐம்பத்திரண்டு வயதுக்காரனை ஆஸ்பத்திரியில் வைத்துக் கிள்ளலாமா என்று கேட்காதீர்கள். அவன் வயிற்றுக்குள் இருப்பது என் கிட்னி.

ஒன்பது மாதத்துக்கு முன்னால், சைகோனில் இதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், என்னிடமிருந்து எடுத்து அவனுக்கு வைத்தார்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அந்த எண் ஆறு மாதம் வரை ஒன்று புள்ளி இரண்டைத் தாண்டவில்லை. மூன்று மாதமாக ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் ஏறினால் பழையபடி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்தான். என்னிடம் கொடுக்க இன்னொன்று கிடையாது.

டாக்டர் சின்னப் பெண், வியட்நாமியர். அவரிடம் நாங்கள் வியட்நாமிய மொழியில்தான் பேசுவோம். திட்டுவதற்கு மட்டும் எனக்குத் தமிழ்தான் வரும்.

“தண்ணீர் குடிக்கிறாரா?”

எங்கே குடிக்கிறான்? ஐஸ் காபி குடிக்கிறான். கேட்டால் அதிலும் தண்ணீர்தானே இருக்கிறது என்கிறான்.

உப்பு? சூப்பைக் கண்டால் மீன் சாறு புட்டியைக் கவிழ்க்கிறான். நாட்டு மருந்து? பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த மூலிகைப் பொட்டலத்தை நான்தான் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒப்பித்தேன். மொரீஸ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் பென் தான் சந்தைப் பக்கம் ஒரு வேலையாகப் போவேன். அப்படியே அவன் அறைக்குப் போய்ச் சோதனை போடுவேன். வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை நிரப்பி, பழம் உரித்துக் கொடுத்து, கடைசிச் சுளை வரை தின்ன வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். இதற்கு மேல் ஒரு அக்கா என்னதான் செய்ய முடியும்?

டாக்டர் தாளைத் திருப்பினார். “இதெல்லாம் காரணம் இல்லை. மருந்து ரத்தத்தில் இரண்டு மடங்கு இருக்கிறது.”

குறைந்தால் உடம்பு கிட்னியை ஏற்றுக்கொள்ளாது. கூடினால் அந்த மருந்தே கிட்னியைக் கெடுத்துவிடும். ஒன்பது மாதமாக இது எனக்குப் பாடம்.

“போட்டோமா இல்லையா என்று மறந்துபோய் மறுபடி போட்டிருப்பான்!” என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்டிக் கொடுத்ததை இப்படியா ஒருவன் வைத்துக்கொள்வான்?

“மாத்திரைப் பெட்டி சரியாக ஒரு வாரத்தில் காலியாகிறதா?”

ஆகிறது. வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டேன்.

“அப்படியென்றால் இரண்டு முறை போடவில்லை. பம்பளிமாஸ் சாப்பிடுகிறாரா? அது மருந்தை உடம்பில் தேக்கிவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் முதல் வரியே அதுதானே?”

அந்தத் தாள் எனக்குத் தெரியும். அவன் ஃப்ரிட்ஜில் அதை ஒட்டியவளே நான்தான். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டதும் நான்தான்.

திட்ட வாயைத் திறந்தேன்.

மொரீஸ் முதல் முறையாகப் பேசினான். “நான்தான் டாக்டர். தெருமுனையில் விற்கிறார்கள். ஆசைப்பட்டு வாங்கித் தின்றுவிட்டேன்.”

டாக்டர் பிடித்துக்கொண்டார். அக்கா கொடுத்தது என்ற மதிப்பு வேண்டாமா, பொறுப்பு வேண்டாமா என்று ஐந்து நிமிடம். நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம் வியட்நாமிய மொழியில் வந்தது. அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். நான் மடியில் இருந்த என் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழத்தை நிறுத்திவிட்டு, புது அளவில் மருந்தைப் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். எண் இறங்குமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்.

பென் தானில் எனக்கிருக்கும் வேலை மாரியம்மன் கோயில். ஞாயிறு சர்ச் பூசை தவறாத இந்த ஜெனேவியேவ் அம்மாள் வெள்ளிக்கிழமை அங்கே நிற்பது எங்கள் சாமியாருக்குத் தெரியாது. மொரீஸுக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆறு மாதம் நன்றாக ஓடியதே என்று நன்றி சொல்லத்தான் முதலில் போனேன். பிறகு எண் ஏறத் தொடங்கியதும், அம்மன் காலடியில் வைத்து எடுத்துவரும் பம்பளிமாஸை ஒன்றிலிருந்து இரண்டாக்கினேன்.

அதைப் பழம் என்றே நான் நினைக்கவில்லை.

வெளியே வந்து லிஃப்டுக்கு நின்றோம்.

“தாள்ல போட்டிருக்குன்னு தெரியும்ல ஒனக்கு? தெரிஞ்சேவாடா தின்ன?”

மொரீஸ் தொடையைத் தடவிக்கொண்டான். “ஒன் பைல குங்குமம் ஒட்டியிருக்கும்க்கா. எப்புடி வேணாம்ங்கிறது? அதுவும் இல்லாம, நீ உரிக்கிற அந்த நேரம்தான் என்னைத் திட்டாம இருக்க.”

லிஃப்ட் வந்து திறந்து, மூடி, போய்விட்டது.

அவனை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, எந்தப் பழத்தை நான் உரித்துக் கொடுக்கலாம் என்று கேட்க மறுபடி டாக்டரின் கதவைத் தட்டினேன்.