ஒரு சீர் குறைகிறது

“இன்னொரு தடவை படி ஐவி. அந்த நாலாவது அடி காதுல இடறுது.”

நெவில் சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தாளம் போட்டான். மேற்குக் குவீன்ஸ்லாந்தில் அவர்கள் வட்டாரக் கண்காட்சியின் கவிதைப் போட்டிக்கு அவன்தான் நடுவர். கவிதை காதுக்குத்தான் என்பது அவன் கட்சி. அதனால் வாசிக்கிற வேலை எப்போதும் மனைவி தலையில். தாளில் எழுதியவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

ஐவி நிதானமாகப் படித்தாள்.

“அணையில் சேறும் காஞ்சாச்சு,
ஆட்டுக் கூட்டம் ஓஞ்சாச்சு,
ஆசை எல்லாம் தேஞ்சாச்சு,
மழைக்கு முன்னே...”

“சந்தம் குதிரை நடை மாதிரி ஜோரா போகுது. காஞ்சாச்சு, ஓஞ்சாச்சு, தேஞ்சாச்சுன்னு இயைபும் சுத்தம். கடைசி அடியிலதான் கோட்டை விட்டுட்டான். மத்ததுல மூணு சீர், இதுல ரெண்டு.”

“எல்லாப் பத்தியும் அப்படித்தான் முடியுது. வேணும்னே விட்டிருக்கலாம்ல?”

“வேணும்னே எவனாவது நொண்டுவானா?”

ஐவி சிரிக்கவில்லை. “பரிசு கிடைக்காட்டியும் பரவாயில்ல நெவில். இது உனக்குப் புரியணும். எனக்கு அதான் வேணும்.”

“புரியாம என்ன? மூணு வருஷமா நாம பாக்காத வறட்சியா? வறட்சிப் பாட்டுன்னா மழை வராதான்னு ஏங்கணும். இவன் என்னடான்னா மழைக்கு முன்னே, மழைக்கு முன்னேன்னு அதையே போட்டு அரைக்கிறான். முன்னே என்ன? வினைச்சொல்லே இல்ல. அப்படி என்ன அவசரம் இவனுக்கு?”

மாலைக்குள் கனமழை என்று வானொலி காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. பெய்துவிட்டால் கரிசல் பாதை குழம்பாகிவிடும். அப்புறம் வாரக்கணக்கில் பண்ணையை விட்டு ஒரு வண்டி நகராது. நெவில் முன்யோசனையாக இரண்டு மூட்டை மாவு வாங்கிப் போட்டிருந்தான். அவனுக்கு மனசு நிறைந்திருந்தது.

“யார் எழுதியிருப்பாங்கன்னு தோணுது?”

“எவனோ டவுன்காரன். ஆட்டைப் படத்துல பாத்தவன்.”

“மார்க்கு?”

“பத்துக்கு நாலு. அதுவே ஜாஸ்தி.”

ஐவி தாளை அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள். கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள்.

“டீ கெட்டில்ல இருக்கு. நான் போய்த் துணியை எடுக்கறேன்” என்று எழுந்து போனாள்.

நெவிலுக்கு விட மனசில்லை. தானே அந்த அடியைச் செப்பனிட்டுப் பார்த்தான். மழைக்கு, முன்னே, டக். மழைக்கு, முன்னே, டக். அந்த மூன்றாவது தட்டுக்குத்தான் ஒரு சொல்லும் சிக்கவில்லை.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பண்ணை வாசலோடு நின்றுவிடும் என்று நினைத்தான். நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

தகரக் கூரையில் முதல் துளி விழுந்தபோது அவன் ஜன்னலுக்கு வந்தான். கொடியில் அவன் சட்டைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

விடுபட்ட சீர் இப்போது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

போறேன்.