வாசல் பலகை

இருநூறு வருடப் பழமையான தேவாலயம் ஒன்றில் மணிக்கும் வாசல் பலகைக்கும் ஓயாத சண்டை.

"நான் தொண்டை கிழிய வாங்க வாங்கன்னு கூப்பிடுறேன். நீ 'அந்நியர் உள்ளே வரக்கூடாது'ன்னு மறிச்சுக்கிட்டு நிக்கிற. யார்தான் வருவா?" என்றது மணி.

"என்னை எழுதி வச்சதே அதுக்குத்தான்" என்றது பலகை. தேக்குப் பலகை, திமிர் கொஞ்சம் அதிகம்.

ஐப்பசி மழையில் வாசலுக்கு முன்னால் ஓடும் வாய்க்காலின் சின்னப் பாலம் இடிந்து விழுந்தது. மறுநாள் ஞாயிறு ஆராதனை. மணியடிக்கும் வேதமுத்து வேறு மரம் கிடைக்காமல், அந்தப் பலகையைக் கழற்றி வாய்க்காலின் குறுக்கே போட்டார்.

காலையிலும் மழை விடவில்லை. எதிரே பூ விற்கும் பேச்சித்தாய் கூடையோடு நனைந்துகொண்டே கேட்டாள்: "ஐயா, நாங்கல்லாம் உள்ள வரலாமா?"

"பலகை மேல கால வச்சு மெதுவா வாங்கம்மா" என்றார் வேதமுத்து.

அவள் வந்தாள். பின்னாலேயே பாதித் தெரு வந்தது.

சாயங்காலம் மணி இறங்கிய குரலில் கேட்டது: "இத்தனை பேர் மிதிச்சாங்களே, வலிக்குதா?"

"முதுகு விட்டுப்போச்சு" என்றது பலகை. "அடுத்த வாரம் இன்னும் பலமா அடி."