கூடப் போகாதே

நாற்பத்தோராவது முறையும் தோட்டா ஒழுங்காக ஏறியது.

அவன் பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடை இழுத்து அதை வெளியே தள்ளினான். மருந்தில்லாத சோதனைத் தோட்டா. மேசையில் விரித்திருந்த துணியில் விழுந்து உருண்டது. எடுத்துத் தோட்டாக் கூடான மேகசினில் அழுத்தினான். மறுபடி இழுத்தான். விட்டான்.

ஏறியது.

ஏறக் கூடாது.

அன்று ஏறவில்லை. ஆற்றுப் பாலத்தடியில், அரிவாளோடு வந்தவனுக்கு எதிரே, இந்தப் பிஸ்டல் சுடவில்லை. தோட்டா பாதி வழியில் சிக்கி நிற்க, அவள் கையிலிருந்து இதைப் பிரித்து எடுத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் இசக்கியம்மாள். அவன் மனைவி.

அவள் செத்து இருபத்து மூன்று நாள் ஆகிறது.

ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவன் அவன். விசாரணை அதிகாரி கேட்டிருப்பது ஒரே கேள்வி. ஆயுதத்தில் பழுதா, கையாண்டதில் தவறா?

பக்கத்து மாவட்டத்து ஆளை வரவழைக்கிறேன் என்றார் கிடங்கு இன்ஸ்பெக்டர். இந்தச் சோதனையை அவன்தான் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"கைத்தவறுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துரு தம்பி," என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "உம் மேல ஒண்ணும் வராது. அந்தப் பிள்ள போயிட்டு. நீ இருக்கணும்லா."

அன்பாகத்தான் சொன்னார்.

கைத்தவறு.

அந்தச் சொல் கோப்பில் இருக்கும். மகளுக்கு இரண்டு வயதாகப்போகிறது. ஒருநாள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

மேகசினைப் பிரித்தான். வாய் நெளியவில்லை. தோட்டா போய் உட்காரும் சேம்பருக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டான். துணி வெள்ளையாகவே வந்தது. ஒரு பிசிறு. ஒரு மணல் துகள். ஏதாவது ஒன்று போதும்.

இல்லை.

ஸ்லைடை முன்னால் தள்ளும் ஸ்பிரிங்கைக் கழற்றிப் புது ஸ்பிரிங்கின் பக்கத்தில் வைத்தான். ஒரே நீளம். திரும்ப மாட்டினான்.

மூன்று மாதத்துக்கு முன் அவனே பார்த்துக் கையெழுத்திட்ட பிஸ்டல். அவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறான்.

நாற்பத்திரண்டு. ஏறியது.

நாற்பத்து மூன்று.

அடுத்த முறை கை ஓய்ந்துபோயிருந்தது. இழுத்த ஸ்லைடை விடாமல், விரலோடு சேர்த்தே மெல்ல முன்னால் கொண்டுபோனான்.

சிக்கியது.

தோட்டா பாதி வழியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கோப்பிலிருந்த போட்டோவில் பார்த்த அதே கோணம்.

அவன் அசையவில்லை.

புதிதாக வரும் ஒவ்வொரு அணிக்கும் அவன்தான் சொல்லிக்கொடுப்பான். இழு. விடு. கூடப் போகாதே. ஸ்லைடு தன் வேகத்தில் போய் அறைந்தால்தான் தோட்டா ஏறும்.

இசக்கியம்மாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவாள். பிஸ்டலைப் பீரோவில் வைக்குமுன், உள்ளே தோட்டா இல்லையென்று பார்க்க ஸ்லைடை இழுத்து விடுவாள். அந்தச் சத்தத்துக்கு ஒருநாள் தொட்டில் வீரிட்டது.

"மெதுவா விடேன்," என்றான். "பிள்ள முழிச்சுக்கிடும்லா."

"இனிமே துப்பாக்கிக்கும் தாலாட்டுப் பாடணுமாக்கும்," என்று சிரித்தாள்.

மறுநாளிலிருந்து சத்தமே இல்லை. விரலோடு சேர்த்து, மெல்ல. தினமும். பத்து மாதம்.

அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சுவரோரம் சிவப்புப் பெட்டி இருந்தது. தேய்ந்துபோனவை, இனி உதவாதவை. வருடக் கடைசியில் உருக்கப் போகும். அதில் கைவிட்டுத் துழாவினான். ஒரு விரற்கடை குறுகிப்போன ஸ்பிரிங் ஒன்று அகப்பட்டது.

அவள் பிஸ்டலில் அதைப் பொருத்தினான். நல்லதைப் பெட்டியில் போட்டான்.

இழுத்தான். முழுசாக விட்டான்.

ஸ்லைடு சோம்பலாக வந்து பாதியில் நின்றது.

இத்தனை நாளில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டான். அவர் மூன்று முறை இழுத்துப் பார்த்தார். மூன்று முறையும் சிக்கியது. பிஸ்டலின் பராமரிப்பு அட்டையைப் புரட்டினார்.

"ஸ்பிரிங் நல்லாருக்குன்னு நீதானடே கையெழுத்துப் போட்டிருக்க?"

"பாக்காமப் போட்டுட்டேன்யா."

"யாரு, நீயா? ஒரு திருகாணி சரியில்லன்னு எஸ்.பி. துப்பாக்கியவே திருப்பி அனுப்புனவம்லா நீ."

அவன் அறிக்கைப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

அவர் சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். மூடி திறந்திருந்தது. பிறகு அவனைப் பார்த்தார்.

"நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். அதுக்குள்ள இன்னொரு வாட்டி நல்லாப் பாத்துரு, என்னா? வேல போயிரும்டே."

கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அவன் பிஸ்டலைத் தொடவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான். பழுது என்ன, எவ்வளவு நாளாக இருந்திருக்கும், எப்படித் தெரியவந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பேனாவை நிறுத்தி யோசித்து எழுதினான். ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

கடைசிக் கட்டம். பொறுப்பானவர்.

தன் பெயரை எழுதினான். பணி எண்ணையும் எழுதினான்.

அதற்கு மட்டும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.