பன்னிரண்டு கிலோமீட்டர்

"கூலி அங்கன ரெட்டிப்பு. பள்ளிக்கூடமும் ஆசுபத்திரியும் கேரளாவுலதான் ஒசத்தி. இந்தக் கம்பத்துல என்ன கெடக்கு?" ஒரு வாரமாகப் புருஷனை நச்சரித்தாள் பவானி.

கம்பத்தில் தெருமுனையிலேயே பிராந்திக்கடை; அங்கே பிராந்திக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகவேண்டும். இதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"சரி, ஒன் பிரியப்படியே போவோம். வீடு நானே பாத்துக்கிறேன்" என்றான் ஒச்சாண்டி. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் பேச்சு எடுபட்டது. பூரித்துப்போய், காதுத் தோட்டைக் கழற்றி விற்று அட்வான்ஸ் கொடுத்தாள்.

எல்லை தாண்டிப் போய்ச் சாமான் இறக்கும்போது, அடுத்த வாசலில் இருந்த கள்ளுக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வரணும் ஒச்சாண்டி சேட்டா! கடையை ஒட்டின வீடுதான் வேணும்னு மூணு மாசமா சொல்லிட்டிருந்தீங்களே, இஷ்டப்பெட்டோ?"