நேரே வீட்டுக்கு

"இன்னும் எவ்வளவு தூரம் புள்ள?"

"இதோ, அந்த வேலமரம் தாண்டினா வீடு சார்."

"போன மரத்துலயும் இதையேதான் சொன்ன."

"அது வேற மரம். உங்களுக்கு டவுன் காலு சார், அதான் வலிக்குது."

அதாபோவுக்கு ஒன்பது வயது. காய்ந்த ஆற்று மணலில் வெறுங்காலோடு அவள் முன்னால் ஓட, லோமுரியா சார் ஷூவுக்குள் மண்ணை வாரிக்கொண்டு பின்னால் வந்தார்.

துர்கானா என்ற அந்த வறண்ட ஆப்பிரிக்கச் சீமையில் மழை பொய்த்து இது மூன்றாவது வருடம். இந்தத் தடவை சாப்பாட்டு லாரியும் பொய்த்துவிட்டது. பள்ளி விடுதியில் கடைசி மக்காச்சோளம் முந்தாநாள் வெந்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அவர்களுக்கென்ன, வாயால் சொல்லிவிட்டால் ஆயிற்று. பெரிய பிள்ளைகள் நேற்றே ஆளுக்கொரு திசையாகக் கிளம்பிவிட்டார்கள். இந்தச் சின்னதைத் தனியாக அனுப்ப மனம் வராமல் சாரே கூட வந்திருந்தார்.

"லாரி வந்ததும் சொல்லி அனுப்புறேன். உடனே திரும்பிடணும், என்ன?"

"வரேன் சார்."

"ஆடு மேய்க்கப் போயிட்டேன்னு கதை சொல்லக்கூடாது."

"ஆடு இருந்தாத்தானே சார் மேய்க்க."

அவருக்குச் சுருக்கென்றது. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மீதி அவருக்கென்று திருப்பிக் கொடுத்தாள். நல்ல பிள்ளை. இவளைப் பெஞ்சில் உட்கார வைத்தது தன் பாடமா, தட்டில் விழுந்த சோளமா என்று யோசிக்க அவருக்குப் பயமாக இருந்தது.

"உங்கம்மா என்னைத் திட்டுவாங்களா?"

"எதுக்கு?"

"சாப்பாடு போடுறோம்னு சொல்லித்தானே உன்னைச் சேர்த்தோம்."

"திட்ட மாட்டாங்க சார்."

அதன்பிறகு அவள் முன்னால் ஓடவில்லை; அவர் பக்கத்திலேயே நடந்தாள்.

வேலமரம் வந்தது. வட்டமாகப் போட்டிருந்த முள்வேலி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. உள்ளே மூன்று அடுப்புக் கற்கள். சாம்பலைக்கூடக் காற்று கொண்டுபோயிருந்தது.

"வழி தப்பிட்டியா?"

"இல்ல சார். இதான் எங்க வீடு."

"வீட்ல எல்லாரும் எங்க?"

"என்னை ஸ்கூல்ல விட்டுட்டு அன்னைக்கே தண்ணி தேடிக் கிளம்பிட்டாங்க. எல்லை தாண்டிப் போறோம்னு அப்பா சொன்னாரு. எந்தப் பக்கம்னு தெரியாது."

லோமுரியா அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?"

"வெளிய சொல்லக்கூடாது சார். வீட்ல ஆள் இல்லைன்னு தெரிஞ்சா ஸ்கூல்ல வெச்சுக்க மாட்டாங்களாம். யார் கேட்டாலும் வீடு பக்கத்துலதான்னு சொல்லணும்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

அவர் ஷூவைக் கழற்றி மண்ணைக் கொட்டினார். வெகு நேரம் கொட்டினார்.

"சரி, வா. என் வீட்டுக்கே போகலாம். இருக்கறதைச் சாப்பிடலாம்."

தரையில் குந்தியிருந்த அதாபோ எழவில்லை. விரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா மட்டும் இல்ல சார். எல்லா அம்மாவும் சத்தியம் வாங்கினாங்க. சுத்துப்பட்டு சனம் மொத்தமும் ஒண்ணாத்தான் கிளம்பிச்சு. நேத்து போன அண்ணனுங்க, அக்காங்க வீடெல்லாம் சேர்த்துத்தான்."

'வழியில எங்கயும் நிக்கக்கூடாது, நேரா வீட்டுக்குத்தான் போகணும்' என்று நேற்றுக் காலை அவர் மிரட்டியபோது, அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் 'சரி சார்' என்றிருந்தார்கள்.